சிலுவையின் வடிவங்களும் பெயர்களும்

பெங்களூரு கப்பன் சாலையில் உயர்ந்த கோபுரத்துடன் நிற்கும் புனித அந்திரேயா ஆலயம், ஸ்காட்லாந்து சபையாரின் ஆராதனைக்காகக் கட்டப்பட்டது. 1864ஆம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது, 1866இல் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் பாதுகாவலராகப் போற்றப்படும் அப்போஸ்தலனாகிய அந்திரேயாவின் பெயர் ஒரு சிலுவைக்கும் வழங்கி வருகிறது. கல்வாரிச் சிலுவை ஒன்றேயாயிருக்க, அதற்கு இத்தனை வடிவங்களும் பெயர்களும் ஏன்?

1. இலத்தீன் சிலுவை: நெடுமரம் நீண்டும், குறுக்குமரம் நடுவுக்கு மேலாகவும் அமைந்தது. கிறிஸ்துவின் தலைக்கு மேலாகக் குற்றப்பலகை வைக்கப்பட்டதை மத்தேயு 27:37 குறிப்பிடுவதால், இவ்வடிவமே பொருத்தமானது என்பர் பலர்.

2. கிரேக்கச் சிலுவை: நான்கு கரங்களும் சம அளவுடையது.

3. தௌ சிலுவை: குறுக்குமரத்திற்கு மேல் நீட்சி இல்லாதது. 'தௌ' என்னும் கிரேக்க எழுத்தை ஒத்தது. பிரான்சிஸ்கன் துறவியர் இதனைத் தங்கள் அடையாளமாகக் கொண்டுள்ளனர்.

4. அந்திரேயாவின் சிலுவை: பெருக்கற்குறி போன்றது. கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் அந்திரேயா சிலுவையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது பாரம்பரியம். அச்சிலுவை சாய்வானது என்ற கருத்து இடைக்காலத்தில்தான் பரவியது.

5. தோமா சிலுவை: சென்னை பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை. சுற்றிலும் பகலவி எழுத்துகள் பொறிக்கப்பட்டது. கரங்களின் முனைகள் மொட்டுகள் போலிருக்கும். கிறிஸ்துவின் உருவம் அதில் இல்லை.

இவற்றுள் எது கல்வாரியில் நின்ற சிலுவை? சுவிசேஷகர் நால்வரும் அதன் வடிவத்தை விவரிக்கவில்லை. அவர்கள் எழுதிய 'ஸ்தௌரோஸ்' என்னும் கிரேக்கச் சொல், ஆதியில் நாட்டப்பட்ட மரத்தையே குறித்தது. அடிமைகளையும் கலகக்காரரையும் கொல்ல ரோமர் கையாண்ட இழிவான கருவி அது. அத்தகைய அவமானச் சின்னம் மகிமையின் சின்னமானது மரத்தின் வடிவினால் அன்று; அதில் தொங்கியவராலேயே. ஆகவே வடிவத்தைக் குறித்து வாதிடுவதற்கு இடமில்லை.

அந்திரேயா ஆலயமும், ஆங்கிலிக்கன் மரபில் தோன்றிய பெங்களூரு புனித மாற்கு பேராலயமும் இன்று தென்னிந்தியத் திருச்சபை என்னும் ஒரே குடும்பத்தில் உள்ளன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான அத்திருச்சபையின் சின்னத்தில் சிலுவையும் தாமரையும் இணைந்துள்ளன. யோவான் 17:21இல் ஆண்டவர் ஏறெடுத்த ஒருமைப்பாட்டின் ஜெபமே அதன் நோக்கவாக்கியம்.

கழுத்தில் அணியும் சிலுவைக்குப் பல வடிவங்கள் இருக்கலாம். லூக்கா 9:23 கூறும் சிலுவையோ அணிவதற்குரியதன்று, நாள்தோறும் சுமப்பதற்குரியது. தன்னலத்தை வெறுத்து, பிறர் பாரத்தைத் தாங்கும் வாழ்விலேயே அச்சிலுவையை உலகம் காண்கிறது.