துயர் துடைக்கும் மன்றங்களுக்கு ஒரு பாடம்

கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள வடக்கனந்தலிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், ஒரு வீட்டில் துன்பம் நேர்ந்தால் அண்டை வீட்டார் அடுப்பு மூட்டி உணவளிப்பது பழைய வழக்கமாகும். இளைஞர் மன்றங்களும், மகளிர் சுயஉதவிக் குழுக்களும், விவசாயிகள் சங்கங்களும் இவ்வழக்கத்தைத் தொடர்ந்து வருகின்றன. மனமும் உண்டு, உழைக்கும் கரங்களும் உண்டு. இவற்றோடு பயிற்சியும் சேர வேண்டும். யாருக்கு முதலில் உதவுவது, எவ்வளவு உதவுவது, அதற்கான பொருளை எவ்வாறு கேட்டுப் பெறுவது, பெற்றதற்கு எவ்வாறு கணக்குக் காட்டுவது ஆகிய நான்கையும் கற்ற மன்றமே பெருந்துயர் வரும்போது ஊருக்குப் பயன்படும். அந்நான்கையும் இங்கு முறையாகக் காண்போம்.

நாகை தந்த படிப்பினை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான தொண்டு ஸ்தாபனங்கள் அங்கு வந்து சேர்ந்தன. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டறியாமல் அனுப்பியதன் விளைவு அது.

மற்றொரு குறையும் நேர்ந்தது. படகும் வலையும் இழந்தோரின் துயர் உடனே கண்ணில் பட்டது. கடல்நீர் புகுந்து உப்பேறிய வயல்களில் வேலை இழந்த விவசாயக் கூலிகள், ஆதிதிராவிடர், இருளர் ஆகியோரிடம் உதவி காலந்தாழ்ந்தே சென்றது என்பதைப் பின்னர் ஆராய்ந்தோர் பதிவு செய்துள்ளனர்.

இக்குறைகளை நீக்கும் பொருட்டு, மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்புடன் தொண்டு ஸ்தாபனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று நாகையில் நிறுவப்பட்டது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சிநேகா என்னும் ஸ்தாபனமும் இதில் முன்னின்றன. எந்தக் கிராமத்துக்கு எது தேவை, அங்கு யார் பணியாற்றுகின்றனர் என்னும் விவரங்களை அம்மையம் திரட்டி அனைவருக்கும் அளித்தது. சரியான விவரம் உணவைப் போலவே இன்றியமையாத ஓர் உதவி என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

நான்கு கோட்பாடுகள்

1859ஆம் ஆண்டு இத்தாலியில் சால்ஃபெரினோ என்னுமிடத்தில் நடந்த போரில் காயமுற்றோரை, அருகிலிருந்த ஊர்ப் பெண்கள் தம்மவர், பகைவர் என்று பாராமல் பேணினர். அதைக் கண்ட ஹென்றி டூனாண்ட் என்பவரின் முயற்சியால் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. அவ்வழி வளர்ந்த மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம் ஆகிய நான்கையும் இன்று ஐக்கிய நாடுகள் சபையும் ஏற்றுள்ளது.

மனிதநேயம் என்பது துன்பம் எங்கிருப்பினும் அதைத் தணிப்பதும், உதவி பெறுபவரின் மானத்தைக் காப்பதும் ஆகும். பாரபட்சமின்மை என்பது தேவை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது. நடுநிலை என்பது ஊர்ச் சண்டையிலும் தேர்தல் போட்டியிலும் மன்றம் ஒரு பக்கம் சாயாதிருப்பது. சுதந்திரம் என்பது பணம் தந்தவர் சொன்னார் என்பதற்காகப் பயனாளிகளின் பட்டியலைத் திருத்தாதிருப்பது.

இவற்றுள் கடைப்பிடிக்க அரியது பாரபட்சமின்மையே. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. குடித்து மாண்டவர் குடும்பத்துக்கு உதவி ஏன் என்று வினவியோர் உண்டு. தந்தை குடித்தார் என்பதற்காகப் பிள்ளையின் பசி பொய்யாகிவிடாது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் கல்விச் செலவை ஏற்பதாக அரசும் அறிவித்தது. இத்தகைய வீடுகளுக்குச் செல்லும் மன்றத்தார் குற்றம் விசாரிப்பதும், குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்து வெளியிடுவதும் தகாது.

அளந்து அறிதல்

எவ்வளவு உதவுவது என்பதற்கும் அளவுகள் உண்டு. 1997இல் பல நாட்டுத் தொண்டு ஸ்தாபனங்கள் கூடித் தொடங்கிய ‘ஸ்ஃபியர்’ என்னும் முயற்சி, குறைந்தபட்ச அளவுகளை வகுத்துள்ளது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் துப்புரவுக்குமாகத் தண்ணீர் 15 லிட்டர். உணவு 2,100 கலோரி. தங்குமிடத்தில் சமையலறை நீங்கலாக 3.5 சதுர மீட்டர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை.

பயிற்சிக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெருமழையில் மலைச்சரிவு ஒன்றிலிருந்து 40 குடும்பங்கள், அதாவது 160 பேர், கீழே அழைத்து வரப்பட்டதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 2,400 லிட்டர் தண்ணீரும் 8 கழிப்பறைகளும் 560 சதுர மீட்டர் இடமும் வேண்டும். 20 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள பள்ளிக் கூடம் 140 சதுர மீட்டர். அதில் 40 பேரே தங்கலாம். ஆகவே அத்தகைய கூடங்கள் நான்கு தேவை. ஒரே கூடத்தில் அனைவரையும் அடைப்பது எத்துணைத் தவறு என்பதை இக்கணக்கு காட்டுகிறது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்பதையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் எழுதும் முறை

“எங்கள் ஊர் மக்கள் மிகவும் கஷ்டப்படுகின்றனர், தாராளமாக உதவ வேண்டுகிறோம்” என்று எழுதினால், படிப்பவர் இரங்குவார், ஆயினும் எவ்வளவு தருவது என்று அறியார். மேற்கண்ட கணக்கைக் கொண்டே இவ்வாறு எழுதலாம்: “40 குடும்பங்களைச் சேர்ந்த 160 பேர் பள்ளியில் தங்கியுள்ளனர். நாளொன்றுக்கு 2,400 லிட்டர் தண்ணீர் தேவை. 1,000 லிட்டர் தொட்டிகள் மூன்று வேண்டும். ஏற்றி இறக்கும் வேலையை எங்கள் மன்றத்தார் ஊதியமின்றிச் செய்வர்.” இதைப் படிப்பவர் உடனே முடிவு செய்ய இயலும்.

நல்ல விண்ணப்பத்தில் ஏழு செய்திகள் அமைய வேண்டும்.

1. மன்றம் எது, பதிவு எண் யாது, முன்பு செய்த பணி யாது.
2. தேவை என்ன, அது எவ்வாறு கண்டறியப்பட்டது.
3. பயனடைவோர் யார், எவ்விதம் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.
4. செய்யவிருக்கும் வேலையும் அதன் கால அளவும்.
5. வரவு செலவுத் திட்டம், இனவாரியாக.
6. ஊராரின் பங்கு, பணமாகவோ உழைப்பாகவோ.
7. கணக்கும் அறிக்கையும் தரப்படும் நாள். குறை இருப்பின் மக்கள் யாரிடம் முறையிடுவது.

மூன்றாவது செய்தியே விண்ணப்பத்தின் உயிர்நாடி. பட்டியலை ஒரு தெருவார் மட்டும் கூடி எழுதலாகாது. காலனியும் மலைவாழ் மக்களின் குடியிருப்பும் விடுபடாதவாறு வீடுதோறும் சென்று எழுதி, பொது இடத்தில் ஒட்டி, ஆட்சேபணை கேட்டு முடிவு செய்தல் வேண்டும்.

யாரிடம் கேட்பது?

ஊரின் நிலையான சொத்துகளுக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் உண்டு. அதில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் அளிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுமங்கள் அதில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும். அப்பணத்தைப் பெற்றுப் பணியாற்ற, மன்றம் முறைப்படி பதிவு பெற்றிருத்தல் அவசியம். ஆகவே சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து, மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி, ஆண்டுதோறும் தணிக்கை செய்விப்பதே முதல் வேலையாகும்.

வெளிநாட்டு ஸ்தாபனங்களிடமிருந்தும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றோரிடமிருந்தும் பணம் பெற மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அவ்வாறு பெற்ற ஸ்தாபனம் அதை மற்றொரு ஸ்தாபனத்துக்கு மாற்றித் தரவும் கூடாது. இதை அறியாமல் உறவினர் நண்பர் வாயிலாகப் பணம் வாங்கி இடர்ப்படலாகாது.

கணக்கே நன்றியுரை

பெற்ற பொருளுக்கு ரசீது, இருப்புப் பதிவேடு, பெற்றவர் கையொப்பம் அல்லது கைரேகை ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும் கிராம சபையில் அக்கணக்கை வாசித்துக் காட்டலாம். பேரூராட்சியாயின் பகுதி சபையில் வாசிக்கலாம். எஞ்சிய பணம் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். ஒரு முறை கணக்குக் காட்டிய மன்றம் மறுமுறை கேட்கும்போது கொடுப்போர் தயங்கார்.

மலையில் மழை வலுத்துக் கோமுகி ஆறு பெருகியபின் பாடம் நடத்த நேரம் இராது. ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் பயிற்சியைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் ஏற்பாடு செய்வார்களாக. காலையில் கோட்பாடுகளைக் கற்று, நண்பகலுக்குள் ஒரு தெருவின் தேவையைக் கணக்கெடுத்து, மாலையில் ஒரு விண்ணப்பத்தை எழுதி முடித்தால் போதும். மழைக்காலத்தில் எந்த வீடும் விடுபடாமலிருக்க அவ்வொரு நாள் உழைப்பு துணை நிற்கும்.