லினக்ஸ் கணிப்பொறியில் மோடம்: குறையறியும் முறை

மைசூரில் 1935-ஆம் ஆண்டு பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தொடங்கிய ‘ஆகாசவாணி’ வானொலி அலைகளில் குரலை அனுப்பியது. இன்று விரலளவான யு.எஸ்.பி. மோடம் அவ்வின அலைகளிலேயே தகவல்களை அனுப்பிப் பெறுகிறது.

லினக்ஸ் கணிப்பொறியில் இதனைச் செருகியும் இணைப்புக் கிட்டாவிடில், கருவி பழுதென்று ஒதுக்கலாகாது. பல மோடங்கள் விண்டோஸுக்குரிய மென்பொருளைத் தம்முள் கொண்டிருப்பதால், முதலில் குறுந்தகட்டு இயக்கிபோல் தோன்றும். ‘யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்’ என்னும் நிரல் அவற்றை மோடமாக மாற்றுகிறது.

ஆகவே வரிசையாகச் சோதித்தல் வேண்டும்:

1. ‘எல்.எஸ்.யு.எஸ்.பி.’ கட்டளை கருவியைக் காட்டுகிறதா?
2. ‘மோடம் மேனேஜர்’ பட்டியலில் அது உள்ளதா?
3. சிம் அட்டை பின் எண்ணால் பூட்டப்பட்டுள்ளதா?
4. ஏ.பி.என். பெயர் சரியா?

முதலாவதில் தென்பட்டு இரண்டாவதில் தென்படாவிடில், குறை பெரும்பாலும் அம்மாற்றத்திலேயே உள்ளது, அலையிலன்று. இதனையறிந்தால் நல்ல கருவியை வீணே எறிய நேராது.