வாசலும் கன்னக்கோலும்

கேள்வி: எனக்கு வயது 62. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். அது கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மகள் எனக்குக் கேழ்வரகுக் கூழும் கொடுப்பதில்லை, பாலும் கொடுப்பதில்லை. நிறுத்தியது நன்மைக்குத்தானே என்கிறாள். சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மாத்திரையையும் விடாதீர்கள், கூழையும் விடாதீர்கள். மகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

நம் செல் ஒவ்வொன்றையும் கொழுப்பால் ஆன ஒரு சவ்வு மூடியிருக்கிறது. தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். கால்சியம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் நம் உடல் திரவங்களில் மின்னூட்டம் பெற்ற அயனிகளாகக் கரைந்து கிடக்கின்றன. எண்ணெய்க்குள் உப்பு கரையாது என்பது சமையலறையில் தெரிந்த விஷயம். அதே காரணத்தால் இவையும் கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமென்றால் புரதத்தால் ஆன வாசல் வேண்டும். அந்த வாசல்களைத்தான் அயனிக் கால்வாய் என்கிறோம்.

ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசை செல்லுக்கு உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு கால்சியம் வெளியே காத்துக்கொண்டிருக்கிறது. செல் இதை வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறது. உள்ளே அவ்வளவு குறைவாக இருந்தால்தான் கொஞ்சம் நுழைந்தாலும் தெரியும். வாசல் திறந்து கால்சியம் நுழைந்ததும் தசை இறுகும், குழாய் குறுகும், அழுத்தம் ஏறும். அம்லோடிபின் அந்த வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. குடலில் கால்சியத்தை உறிஞ்சும் வாசல் வேறு ரகம். இந்த மாத்திரை அதன் பக்கம் போவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. உங்கள் எலும்புக்கு அது வேண்டும்.

கணுக்கால் வீங்கினால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த மாத்திரையில் அது சகஜம். குழாய் தளர்ந்து, நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிவதால் வருவது. பலர் கூழைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: பிளஸ் டூ உயிரியல் எடுக்கிறேன். பொட்டாசியம் போகும் கால்வாயில் சோடியம் போகாது என்று நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சின்னதாச்சே, பெரிசு போற ஓட்டையில சின்னது ஏன் போகாது?" என்றான். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன்.
– ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: பையனுக்கு ஒரு சபாஷ். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கணவாய் மீனின் தடித்த நரம்பை வைத்து, நரம்புத் துடிப்பு என்பது சோடியம் உள்ளே வருவதும் பொட்டாசியம் வெளியே போவதும்தான் என்று 1952-ல் காட்டினார்கள். அதற்குப் பிறகும் 40 ஆண்டுகளுக்கு மேல் உங்கள் மாணவனின் கேள்வி பலரைத் தூங்கவிடவில்லை. சல்லடையாக இருந்தால் சின்னது விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் இது சல்லடை இல்லை.

உங்கள் மாவட்டத்துத் திருச்செந்தூரிலேயே விடை இருக்கிறது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே சன்னிதிக்குப் போக வேண்டும்? தண்ணீரில் இருக்கும் அயனியும் சட்டை போட்டிருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் முனையை அதன் பக்கம் திருப்பி நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும். அந்தப் பிடியை விட்டு வர அயனிக்கு நிறைய ஆற்றல் செலவாகும். சும்மா யாரும் சட்டையைக் கழற்ற மாட்டார்கள்.

பொட்டாசியக் கால்வாயின் குறுகலான பகுதி 1.2 நானோமீட்டர் நீளம்தான். அதன் சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக உள்நோக்கி நிற்கின்றன. நிற்கும் தூரம்தான் சூட்சுமம். பொட்டாசியத்தைத் தண்ணீர் எவ்வளவு நெருக்கத்தில் சூழ்ந்திருந்ததோ அதே நெருக்கத்தில் சுவரின் ஆக்சிஜன்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. கழற்றிய சட்டைக்குப் பதில் கச்சிதமாக இன்னொரு சட்டை, செலவு நேர். சோடியத்தின் விட்டம் 0.19 நானோமீட்டர், பொட்டாசியத்துக்கு 0.27. சின்ன உருவமான சோடியம் நுழைந்தால் எல்லாப் பக்கமும் ஆக்சிஜன் எட்டாத தூரத்தில் இருக்கும். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோலத் தொளதொள. அதற்குத் தண்ணீரோடு வெளியே இருப்பதே லாபம். சுமார் 10,000 பொட்டாசியம் கடக்கும் இடத்தில் ஒரு சோடியம் நழுவினால் அதிகம்.

இதை 1998-ல் கண்ணால் பார்த்ததுபோலப் படம் எடுத்துக் காட்டியவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடரிக் மெக்கின்னன். மனிதக் கால்வாயைப் படிகமாக்குவது பெரும்பாடு என்பதால் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் கால்வாயை எடுத்துக்கொண்டார். அடிப்படையில் அவர் மருத்துவப் படிப்பு படித்தவர். எக்ஸ் கதிரால் படிகங்களை ஆராயும் வித்தையை இதற்காகவே நடுவயதில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2003-ல் நோபல் பரிசு வந்தது.

பையன் அடுத்து, "இவ்வளவு பார்த்துப் பார்த்து அனுப்பினா கூட்டம் தேங்காதா?" என்பான். தேங்காது. குறுகிய வழியில் அயனிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. எல்லாமே நேர் மின்னூட்டம் என்பதால் பின்னால் வருவது முன்னால் நிற்பதைத் தள்ளிவிடுகிறது. "ஜருகண்டி" சொல்ல ஆள் வேண்டியதில்லை. ஒரே கால்வாய் வழியாக விநாடிக்கு 10 கோடி அயனிகள் வரை ஓடும்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். கால்வாய் குழாயடித் திருகுபோல மெல்ல மெல்லத் திறப்பதில்லை. 1976-ல் நேயர், சாக்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மிக நுண்ணிய வாயுள்ள கண்ணாடிக் குழாயைத் தவளைத் தசையில் ஒட்டவைத்து, தனிக் கால்வாயின் மின்னோட்டத்தை அளந்தார்கள். கோடு தட்டையாகப் போகும், சட்டென்று ஒரு படி இறங்கும், கொஞ்ச நேரம் அங்கேயே ஓடும், சட்டென்று பழைய இடத்துக்கு வரும். கரண்ட் வந்து வந்து போகும் வீட்டில் விளக்கு எரிவதுபோல. நான் முதன்முதலில் லேபில் அந்தக் கோட்டைப் பார்த்தபோது கருவியில் ஏதோ லூஸ் கனெக்‌ஷன் என்று ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: கிளிக்குக் காரம் தெரியாதா என்று பேத்தி கேட்கிறாள்.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: தெரியாது. நம் நாக்கில் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு கால்வாய் இருக்கிறது. மிளகாயின் காரப்பொருள் சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. மூளை, வாய் வெந்துபோனதாக நினைத்துக்கொள்கிறது. விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 1997-ல் கண்டுபிடித்தது இது. பறவைகளுக்கும் அந்தக் கால்வாய் உண்டு, ஆனால் காரப்பொருள் அதில் பொருந்தாது. பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுவது பறவை என்பதால் மிளகாய்ச் செடிக்கும் அதுதான் வசதி. பேத்தி காரத்தில் அழுதால் தண்ணீர் கொடுக்காதீர்கள், தயிர் கொடுங்கள். காரப்பொருள் கொழுப்பில் கரைவது.

கேள்வி: தம்பிக்குப் பெரிய சீழ்க்கட்டி. ஸ்டாஃப் கிருமி, செல்லில் துளை போடும் விஷத்தை விடும் என்றார் டாக்டர். கால்வாயும் துளைதானே? ஒன்று வாழவைக்கிறது, ஒன்று கொல்கிறதே?
– வாசகர், மதுரை

பதில்: கால்வாய் வாசல். அது ஆள் பார்த்து, நேரம் பார்த்துத் திறக்கும், மூடும். விஷத்தின் துளை கன்னக்கோல் போட்ட சுவர். யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம், மூடக் கதவும் கிடையாது.

வேலை நடக்கும் விதம் அபாரம். கிருமி வெளியே விடும்போது அந்த விஷப் புரதம் தண்ணீரில் கரைந்து தனித்தனியாக, பரம சாதுவாகத் திரியும். நம் செல்லின் மேல் ஒட்டியதும் ஏழு பேர் வட்டமாகக் கை கோக்கிறார்கள். ஏழு பேரும் சேரும்வரை துளை விழாது. சேர்ந்ததும் ஒவ்வொருவரும் மடக்கி வைத்திருந்த ஒரு பட்டையைக் கீழே நீட்ட, சவ்வைக் குத்திக்கொண்டு ஒரு குழல் இறங்கும். 1996-ல் வெளியான படத்தில் அது அச்சு அசல் ஒரு காளான். தண்டின் உள்ளே குறுகலான இடம் 1.4 நானோமீட்டர். பொட்டாசியம் வெளியே கொட்டும், கால்சியம் உள்ளே பாயும், தண்ணீர் புகுந்து செல் வீங்கும்.

செல்லும் சும்மா இருக்காது. கும்பகோணத்துக்காரருக்குச் சொன்ன கணக்கு இங்கேயும் உதவுகிறது. உள்ளே கால்சியம் ஏறினால் சுவர் உடைந்தது என்று அர்த்தம். உடனே உள்ளிருந்து சவ்வுத் துண்டுகளை அனுப்பி ஒட்டுப்போடப் பார்க்கும். துளை கொஞ்சமாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

நம்மிடமும் கன்னக்கோல் உண்டு. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுநோய் செல்லையும் நம் கொலையாளி வெள்ளணுக்கள் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளைத்துத்தான் தீர்த்துக்கட்டுகின்றன. சில பாக்டீரியாக்களின் துளைப் புரதமும் நம்முடையதும் ஒரே அச்சில் மடிந்தவை என்று 2007-ல் தெரியவந்தது.

ஸ்டாஃப் கிருமியின் அதே துளையில்தான் 1996-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் டிஎன்ஏ இழையை மின்சாரத்தால் இழுத்து நுழைத்தார்கள். இழை நுழையும் நேரம் மின்னோட்டம் குறைந்தது. எழுத்துக்கு எழுத்து குறைவதைப் பிரித்தறிந்தால் டிஎன்ஏவைப் படித்துவிடலாமே என்ற யோசனை வளர்ந்து, 2015-ல் கினி நாட்டில் எபோலா வைரஸைக் கையடக்கக் கருவியால் அந்த இடத்திலேயே படித்தார்கள். இன்றைய கருவிகளில் இருப்பது வேறொரு பாக்டீரியாவின் துளை.

தம்பியிடம் கட்டியைப் பிதுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: பல் பிடுங்க மரப்பு ஊசி இரண்டு போட்டும் எனக்கு மரக்கவில்லை. ஊசி மருந்து போலியா?
– வாசகர், வேலூர்

பதில்: ஈறு வீங்கியிருந்ததா? அப்படியானால் மருந்தின் மேல் பழி போடாதீர்கள். லிக்னோகெய்ன் நரம்பின் சோடியக் கால்வாயை உள்பக்கமிருந்துதான் அடைக்கும். அதற்கு அது முதலில் சவ்வைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அழற்சி வந்த ஈறு புளித்துப்போய், அமிலமாக இருக்கும். அங்கே மருந்து மின்னூட்டம் ஏறிய வடிவத்தில் வெளியிலேயே நின்றுவிடும். எனக்கும் ஒருமுறை இப்படி ஆகி, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடியில் நகம் உடைந்தது. டாக்டர் வீக்கம் வடியட்டும், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார். போனேன், அன்று ஒரே ஊசியில் மரத்தது.