சங்கு கேட்கும், சொல் கேட்காது

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். காது மந்தமான பலருக்குச் சங்கு நன்றாகவே கேட்கும். பக்கத்தில் நின்று மகள் கிசுகிசுப்பதுதான் கேட்காது. கூடவே தலையும் சுற்றினால்? சமையல், பள்ளி வேன், அலுவலகம் என்று ஓடும் ஒரு தாய்க்கு இரண்டும் சேர்ந்து வரும்போது, நோயைவிட அதைப் பற்றிய பேச்சுதான் அதிகம் படுத்துகிறது. அப்படிப்பட்ட ஐந்து பேச்சுகள் இங்கே.

நம்பிக்கை 1: தலை சுற்றுகிறதா? பித்தமாக இருக்கும், இல்லாவிட்டால் 'விசேஷம்'.

உண்மை: எழுந்ததும் கண் இருட்டினால் ரத்த அழுத்தத்தையும் ரத்தசோகையையும் பார்க்க வேண்டியதுதான். அறையே ராட்டினம்போலச் சுழன்றால் காதைப் பாருங்கள். கேட்கும் உறுப்பும், உடம்பைத் தள்ளாடாமல் நிறுத்தும் உறுப்பும் உட்காதில் ஒட்டியே இருக்கின்றன. 1861இல் பாரிஸ் மருத்துவர் ப்ராஸ்பர் மெனியே இதை எடுத்துச் சொல்லும்வரை, இத்தகைய சுழற்சியை மூளைக் கோளாறு என்றே மருத்துவர்களும் நினைத்தார்கள். அவர் பெயரிலுள்ள நோயில் காது அடைத்து, உள்ளே இரைச்சல் கேட்டு, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம்வரை உலகம் சுற்றும். கேட்கும் திறன் ஏறி இறங்கும்.

படுக்கையில் புரளும்போது மட்டும் சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் கதை வேறு. உட்காதிலுள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைச் சில கோணங்களில் திருப்பிவிடும் 'எப்ளி' முறையிலேயே பலருக்குச் சரியாகிவிடுகிறது. வாய் கோணல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை சேர்ந்து வந்தாலோ தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அது பக்கவாதமாக இருக்கலாம்.

நம்பிக்கை 2: "கூப்பிட்டா திரும்புறாளே! வேணும்னுதான் கேக்காத மாதிரி இருக்கா."

உண்மை: குரல் கேட்பது வேறு, சொல் புரிவது வேறு. உயிரொலிகள் கனமானவை, ச, த போன்றவை மெல்லியவை. பலருக்கு முதலில் நழுவுவது இந்த மெல்லிய ஒலிகள்தான். விட்டுப்போனதை உதட்டைப் பார்த்து ஊகிக்கவேண்டும். 'பணம்', 'மணம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்! நாள் முழுக்க இப்படி ஊகித்தே மாலையில் மூளை களைத்துவிடும். மிக்சி ஓடும்போது அடுத்த அறையிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெருகும், உதட்டின் வடிவமும் கெடும். எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகச் சொன்னால் போதும்.

நம்பிக்கை 3: இளஞ்சூடாக எண்ணெய் விட்டால் காது திறந்துகொள்ளும், இல்லாவிட்டால் மெஷின் இருக்கவே இருக்கிறது.

உண்மை: விட்ட எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும், உட்காதுக்குப் போகாது. பறையில் ஓட்டை இருந்தாலோ ஆபத்து. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் கைவைத்தியத்துக்கு நேரமே இல்லை. ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறையும்.

மெஷினும் மூக்குக் கண்ணாடிபோல மாட்டியதும் வேலை செய்துவிடாது. பேச்சோடு ஃபேன் இரைச்சலும் பாத்திரச் சத்தமும் பெருகி வரும். வேண்டியதைப் பிரித்தெடுக்க மூளைக்குச் சில வாரங்களாவது பிடிக்கும். அதற்குள் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

நம்பிக்கை 4: சுற்றல் முழுதாக நிற்கும்வரை படுத்தே கிட.

உண்மை: கடுமையாகச் சுற்றும்போது படுப்பதே பாதுகாப்பு. தணிந்ததும் எழுந்து நடமாட வேண்டும். நிமிர்ந்து நிற்க உடம்பு உட்காது, கண், பாதம் மூன்றையும் நம்பியிருக்கிறது. ஒன்று கெட்டால் மற்ற இரண்டை வைத்துச் சமாளிக்க மூளை பழகும், நடமாடினால்தான் பழகும். சுற்றலை அமுக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் அந்தப் பழக்கம் தள்ளிப்போகும். கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது தடுமாறுவதும், கரண்ட் போனதும் சுவரைத் தேடுவதும் கண்ணின் துணை போய்விடுவதால்தான். குளியலறையில் ஒரு கைப்பிடியும் ஸ்டூலும், இரவில் ஒரு சின்ன விளக்கும் பெரிய உதவி.

நம்பிக்கை 5: "இவளை நம்பிக் குழந்தையை எப்படி விடுறது? இதுல வேலைக்கு வேற போகணுமா?"

உண்மை: குழந்தை அழுதால் விளக்கு மின்னும் கருவி உண்டு, தலையணைக்கடியில் அதிரும் கருவியும் உண்டு. சுற்றல் வரும் நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கக் கூடாது, ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. அன்றைக்கு வேறொருவர் வேண்டும். காய்ச்சலில் விழுந்தால் எந்தத் தாயும் கேட்கிற உதவிதான்.

அலுவலகத்தில் பேசுபவர் முகம் தெரிகிற இருக்கையும், கூட்டத்தில் முடிவானதை எழுத்தில் தருவதும் பாதிச் சிரமத்தைத் தீர்க்கும். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகிவிட்ட அரசு ஊழியரை அதற்காக வேலையைவிட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, தேவைப்பட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆனால் கேட்கும் திறனில் அந்தச் சட்டம் கணக்கில் எடுப்பது இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபெல் இழப்பை. ஒரு காது மட்டும் போனவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் நம்பியிருப்பது பக்கத்து மேசைக்காரரைத்தான்.

வீட்டில் இதையெல்லாம் முதலில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். முந்தானையைப் பிடித்து இழுத்து, அம்மாவின் முகம் தன் பக்கம் திரும்பிய பிறகே பேச்சைத் தொடங்குவார்கள். சங்கு ஊதும் பெரியவர்களுக்குத்தான் நாளாகிறது.