கழனிப் பக்கம்: வாசகர் கேள்விகள்

பூநாரைகளுக்கு ஏரிக்கரையில் தானியம் கொட்டினால் கிட்டே வருமா?
– வாசகி, பொன்னேரி

வராது. அலகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள பாசியையும் சிற்றுயிர்களையும் தின்னும் பறவை அது. தானியத்துக்கு நாயும் காக்கையும்தான் வரும். தள்ளி நின்று பாருங்கள்.

பழவேற்காடு ஏரியை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர். பாதி நெல் கழனி. மீதி, மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஏறி இறங்கும் சேறு. அந்தச் சேற்றை டிராக்டரால் உழுது, கம்பும் சோளமும் விதைத்துப் பறவைகளுக்கே விட்டுவிட ஆசை. எத்தனை சால் ஓட்டலாம்?
– வாசகர், கோட்டைக்குப்பம்

ஒரு சால்கூட வேண்டாம். வெறுமையாகக் கிடப்பதால் அதைத் தரிசு என்று நினைத்துவிட்டீர்கள். ஒரு கைப்பிடி அள்ளி விரலால் பிரித்துப் பாருங்கள்: நூல் போன்ற புழு, நகக்கண் அளவு மட்டி, சிறு நண்டு. இந்த ஏரியில் சேற்றுப் புழுவைத் தோண்டி இறால் பொரிப்பகங்களுக்கு விற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் புழுவையும் மட்டியையும் நம்பித்தான் வடதுருவப் பக்கத்திலிருந்து உள்ளானும் மூக்கனும் ஐப்பசியில் இங்கே வந்து பங்குனி வரை தங்குகின்றன. குட்டை அலகு மேல்சேற்றைக் கொத்தும், நீண்ட அலகு ஆழத்தைத் துழாவும். ரொட்டவேட்டர் ஒருமுறை ஓடினால் அந்த அடுக்கெல்லாம் குழம்பும். சக்கரத்தின் பாரம் மிச்சத்தை அமுக்கும். அடியில் கிடக்கும் உப்புக் களி மேலே வரும். அந்த உவரில் கம்பு முளைவிட்டுக் கருகும். தப்பி விளைந்தாலும் உள்ளான் கம்பு தின்னாது. கிளிக்கும் சில்லைக்கும்தான் அது தீனி. இறால் குஞ்சு வளர்வதும் இப்படிப்பட்ட ஆழமில்லாத ஓரங்களில்தான், ஆகவே உங்கள் ஊரில் பாடு முறையில், அதாவது முறைவைத்து, வலை போடுகிறவர்களுக்கும் நஷ்டம். சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். சேற்றுப் படுகையையும் உவர் சதுப்பையும் 2019-ம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் காட்டுயிர்களுக்கென்றே விதைக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே பெரும்பாலும் மானுக்கும் வான்கோழிக்கும் விதைக்கிறார்கள், அதுவும் வேட்டைக்கு இழுக்க. நமக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று உண்டு. கலிபோர்னியாவில் வைக்கோல் எரிப்பைக் குறைக்க 1991-ல் சட்டம் வந்தது. எரிக்க முடியாத விவசாயிகள் அறுப்பு முடிந்த வயலில் தண்ணீர் கட்டித் தாளை மக்கவிட்டார்கள். அந்த வயல்களே குளிர்காலத்தில் வாத்துகளுக்கும் கரைப்பறவைகளுக்கும் தீனிக்களமாயின. தனியாக எதையும் விதைக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் டிராக்டருக்கு இடம் கழனியில்தான். கேஜ் வீல் மாட்டிச் சேடை ஓட்டும்போது பின்னாலேயே உண்ணிக்கொக்கும் மடையானும் நடந்துவருவது, கிளம்பும் பூச்சிக்கும் தவளைக்கும்தான். அடுத்து நத்தைகுத்தி நாரை வரும், உங்கள் நாற்றைக் கடிக்கும் நத்தையைத் தின்னும். அறுப்பு முடிந்ததும் தாளைக் கொளுத்தாமல், தாழ்வான மூலையில் வரப்பை உயர்த்தி, கிடைக்கிற தண்ணீரைக் கணுக்கால் அளவு நிறுத்துங்கள். கார்போபியூரான் குருணையைக் கழனிக்குள் கொண்டுவரவே கூடாது. ஒரு குருணை போதும் சிறு பறவையைக் கொல்ல. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

கொக்கு நாற்றை மிதிக்காதா? நட்ட முதல் சில நாட்கள் கொஞ்சம் மிதிக்கும், பாடுவாசி நட்டுச் சரிசெய்துகொள்ளலாம். பறவையால் வரும் லாபம் அதைவிடப் பெரிது. வேடந்தாங்கல்காரர்கள் 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் கவுல் (உரிமை ஆணை) வாங்கித் தங்கள் பறவைகளைக் காத்தார்கள் என்றால், எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் கழனிக்கு எவ்வளவு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான்.

ஏரியோரத்து வேலிக்கருவேலத்தை எப்போது எடுக்கலாம்?
– வாசகர், மீஞ்சூர்

மழைக்கு முன், தரை காய்ந்திருக்கும்போது. வேரோடு எடுங்கள், கட்டையை விட்டால் தழைத்துவிடும். கூடு இருக்கும் மரத்தைக் குஞ்சு பறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் உமரிச் செடி இருந்தால் அதன்மேல் ஜேசிபியை ஏற்றாதீர்கள்.