சீப்பை வெறுக்கும் நீள்மயிர்ப் பூனை: உரோமம் பேணும் முறை

இந்திய நகரங்களில் பாரசீக இனத்தைச் சேர்ந்த நீள்மயிர்ப் பூனைகளை வளர்ப்போர் இன்று பலர். "சீப்பைக் கண்டாலே ஓடுகிறது, பிடித்தால் கீறுகிறது" என்று அவர்கள் களப்பணியாளரிடம் குறை கூறுவதுண்டு. இதனைப் பூனையின் பிடிவாதம் என்று கொள்வது தவறு. முன்னர்ச் சீப்பு தந்த வலியும், அசையவிடாமல் பிடிக்கப்பட்டதால் உண்டான அச்சமுமே பெரும்பாலும் இவ்வெறுப்புக்குக் காரணங்களாகும். இவ்விரண்டையும் நீக்கும் வழியை வளர்ப்போர் அறிந்துகொண்டால், பெரும்பாலான பூனைகள் நாளடைவில் சீப்புக்கு இணங்கிவிடும்.

நாவால் இயலாத பணி

பூனை தன் உரோமத்தைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்ளும் என்பது பொதுவாக உண்மையே. அதன் நாவில் பின்னோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் உள்ளன. அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ ஆகிய இருவரும் வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை ஆறு இனங்களின் நாக்குகளை ஆராய்ந்து, 2018இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். முள்ளின் நுனியில் சிறு குழிவு இருப்பதும், அது உமிழ்நீரை ஏந்திச் சென்று உரோமத்தினுள் விடுவதும் அவ்வாய்வால் விளங்கின. ஆனால் பாரசீகப் பூனையின் உரோமத்தை அழுத்திய நிலையிலும் முட்கள் தோலை எட்டுவதில்லை. மயிர் வளர்ச்சியை ஓரளவில் நிறுத்தும் எஃப்.ஜி.எஃப்.5 என்னும் மரபணுவில் நேர்ந்த மாற்றமே பூனையின் நீள்மயிருக்குக் காரணம் என்பது 2007இல் அறியப்பட்டது. மயிர் நீண்டது, நாவின் முள் நீளவில்லை. ஆதலால் இவ்வினத்திற்கு மனிதர் கையின் உதவி இன்றியமையாததாகிறது.

சடை உண்டாகும் விதம்

உதிர்ந்த அடிமயிர் வெளியேற வழியின்றி மற்ற மயிருடன் பின்னிக்கொள்வதால் சிக்கு உண்டாகிறது. காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, வயிறு, பின்தொடை, வாலின் அடி ஆகியவை சிக்கு விழும் முக்கிய இடங்கள். காஷ்மீரத்து நம்தா விரிப்பு நெய்யப்படுவதன்று. ஈரமும் அழுத்தமும் கொண்டு கம்பளி இழைகளைப் பிணைத்துச் செய்யப்படுவது. பூனையின் சிக்கும் ஈரத்தாலும் உராய்வாலும் அவ்வாறே இறுகிச் சடையாகிறது. சடை தோலை இடைவிடாது இழுப்பதால் ஒவ்வோர் அசைவும் வலி தரும். அதன் அடியில் காற்றோட்டமின்றிப் புண் தோன்றலாம். வாலடிச் சடையில் மலம் ஒட்டினால், வெப்ப நாட்களில் ஈ மொய்த்துப் புழு வைக்கவும் கூடும்.

பழக்கும் முறை

பல் அகன்று, முனை மழுங்கிய உலோகச் சீப்பு போதுமானது. தொடக்கத்தில் ஈர்வலி போன்ற நெருங்கிய பல்லுடைய சீப்பைப் பயன்படுத்தலாகாது.

1. முதல் சில நாட்கள் சீப்பைத் தரையில் வைத்து, அதனருகே முள் நீக்கி உப்பின்றி வேகவைத்த மீன் துண்டு ஒன்றை இட வேண்டும். சீப்பு வந்தால் உணவு வரும் என்பதைப் பூனை அறிதல் வேண்டும்.

2. அடுத்து, பூனை ஓய்ந்திருக்கும் வேளையில் சீப்பின் முதுகுப்புறத்தால் கன்னத்தை வருடி, உடனே உணவு தர வேண்டும்.

3. பின்னர்க் கன்னம், கழுத்து, முதுகு ஆகிய இடங்களில் மட்டும் மயிர் படிந்த திசையில் இரண்டு மூன்று முறை வார வேண்டும். வயிறும் தொடையும் இறுதியில் தொட வேண்டியவை.

4. நாள்தோறும் ஒரு நிமிடம் போதும். வாரத்திற்கொரு முறை அரைமணி நேரம் போராடுவதைவிட இதுவே பயன் தரும்.

வாலை வீசியடித்தல், காதைப் பின்னோக்கித் திருப்புதல், முதுகுத் தோல் நெளிதல், தலையைக் கையின் பக்கம் சட்டென்று திருப்புதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவை தோன்றும் முன்னரே நிறுத்துவது சிறந்தது. தோன்றியபின் தொடர்வோர் கடிபடுவர். எழுந்து செல்லும் பூனையைப் போகவிட வேண்டும்.

சிக்கெடுத்தல்

சிறுமியின் கூந்தலில் சிக்கெடுக்கும் தாய், வேர்ப்பக்கத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு நுனியிலிருந்து தொடங்குவாள். பூனைக்கும் அதுவே முறை. சிறிது மக்காச்சோள மாவைத் தூவி, விரல்களால் சிக்கைப் பிரித்தபின் சீப்பிட வேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்து முடிக்க வேண்டும். நீர் பட்ட சிக்கு மேலும் இறுகும்.

தவிர்க்க வேண்டியவை

சடையைக் கத்தரிக்கோலால் வெட்ட முயல்வது ஆபத்தானது. பூனையின் தோல் மிக மெல்லியது. சடையை உயர்த்தும்போது தோலும் உடன் எழுவதால், மயிர் எனக் கருதித் தோலை வெட்டிவிட நேரும். நாய்களின் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இடும் பெர்மெத்ரின் கலந்த மருந்துகளைப் பூனைக்கு இடலாகாது. அதனைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவாதலால், நடுக்கமும் வலிப்பும் கண்டு இறக்கவும் கூடும். தேயிலை மர எண்ணெயும் அதற்கு நஞ்சாகும்.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவை

தோலோடு ஒட்டிப் பரந்த சடையைக் கால்நடை மருத்துவரே நீக்க வேண்டும். தேவையானால் அவர் மயக்கமருந்து தந்து மழித்துவிடுவார். இதுகாறும் இணங்கிவந்த பூனை திடீரென்று சீப்பை எதிர்த்தால் மூட்டுவலி, பல்நோய், தோல்நோய் ஆகியவற்றை ஐயுற வேண்டும். வட்டமாக மயிர் உதிர்ந்திருப்பின் அது படர்தாமரையாக இருக்கலாம். குழந்தைகளுக்கும் அது தொற்றும். பூனை கடித்தாலும் கீறினாலும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே சுகாதார நிலையத்தை அடைய வேண்டும். ரேபீஸ் நோய் பூனையாலும் பரவக்கூடியது.

பள்ளியில் செய்து காட்டல்

ஆசிரியர் கம்பளி நூலின் இழைகளைப் பிரித்து, இரண்டு உருண்டைகளாகச் சிக்காக்கி, தனித்தனித் துணிகளில் தைத்துக்கொள்ளலாம். ஒன்றை உலர்ந்த நிலையிலேயே வைத்து, மற்றதைச் சோப்பு நீரில் தேய்த்து உலர்த்த வேண்டும். மாணவர் இரண்டிலும் சீப்பை இட்டுப் பார்க்கட்டும். பின்னர் உலர்ந்த உருண்டையில், அடியைப் பற்றாமல் ஒரு முறையும் அடியைப் பற்றிக்கொண்டு மறுமுறையும் வாரும்போது துணி எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கவனிக்கட்டும். துணியைப் பூனையின் தோலாக எண்ணிப் பார்க்கும் மாணவர், பூனை ஏன் ஓடுகிறது என்பதைத் தாமே கூறுவர்.