ஏழு நாடா, ஒரே நகரமா?

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதுவது.

நீ அனுப்பிய ஐரோப்பியப் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். பத்து நாளில் ஏழு நாடு. முடிவு உன்னுடையதுதான்; ஆனாலும் கணக்கைக் கொஞ்சம் பார். பாரீசில் தொடங்கி பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசெர்ன், இன்ஸ்ப்ரக், வெனிஸ் என்று போய் ரோமில் முடிகிற பாதை 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். நம் ஊர் வழியே போகும் நாற்கரச் சாலையில் வடக்கே கிளம்பினால் நாக்பூரையே தாண்டிவிடுகிற தூரம் அது. பேருந்தில் உட்கார்ந்தே பகலில் பாதி போய்விடும். மிச்ச நேரத்தில் ஈபிள் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, வண்டி கிளம்புமுன் ஓடி வர வேண்டும். ஒரே ஊரில் தங்கிப் பார் என்றால், ஒரு ஷெங்கன் விசாவில் 29 நாடு போகலாமே, இவ்வளவு செலவழித்து ஒரே நாட்டோடு திரும்புவதா என்று கேட்பாய். விசாவில் எத்தனை நாடு இருந்தாலும் உன் விடுப்பு பத்தே நாள்தானே? இந்தப் பயணத்துக்குக் கடன் வேறு வாங்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். வயல் அடகு போன வீட்டுப் பிள்ளைக்கு அதைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாடு போய் உருப்படியாகப் பார்த்து வந்தவர்கள் ஏதோ ஒன்றைத் தேடிப் போனவர்கள்தான். ஏ. கே. செட்டியாரை எடுத்துக்கொள். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. பழைய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்தார். 1940இல் படம் வெளிவந்தது. அவரும் பல நாடு சுற்றினாரே என்பாய். சுற்றினார், ஆனால் எண்ணிக்கைக்காக அல்ல. சுருள் எங்கே இருந்ததோ அங்கே போனார். கேட்க ஒரு கேள்வி இருந்ததால் போன இடமெல்லாம் மனிதர்களோடு பேச வேண்டி வந்தது.

நமக்கும் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. எனக்கு அது ஆறாத விஷயம் என்பது உனக்குத் தெரியும். 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் ஆதிச்சநல்லூர்ப் பரம்பைத் தோண்டி, கிடைத்த பானைகளையும் இரும்புக் கருவிகளையும் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அலெக்சாண்டர் ரீ தோண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான். ரீ எடுத்தவற்றைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும். முதலில் போனவற்றைப் பற்றி நம் தாமிரபரணிக் கரையில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? படிக்கவும் வேலைக்கும் ஜெர்மனி போகிற நம் பிள்ளைகள் கொஞ்சமா? கொண்டுபோனவரைத் திட்டி இனி ஆவதில்லை. நாம் போய்ப் பார்க்காமல் இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆதிச்சநல்லூரிலேயே குழிகளை அப்படியே வைத்து, மேலே கண்ணாடித் தளம் போட்டுக் காட்டுகிறார்களே, பானை பார்க்கவா பெர்லின் என்று உன் அப்பா சொல்வார். அங்கே காட்டுவது நம் காலத்தில் தோண்டியது. முதலில் தோண்டியபோது என்ன கிடைத்தது, என்ன எழுதிவைத்தார்கள் என்பதை பெர்லினில்தானே கேட்க முடியும்? பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் காட்சிக்கு வைப்பதில்லை. பெரும்பகுதி கிடங்கில் கிடக்கும். அதனால் இங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்பி, அனுமதி கேட்டுவிட்டுப் போ. மற்ற நாளெல்லாம் பெர்லினில் நட, டிராமில் ஏறு, வழி தப்பினால் ஆளைக் கேள். ஒரே ஊரில் தங்குகிறவனுக்குத்தான் வழி தப்பவும் நேரம் இருக்கும்.

பாஸ்போர்ட்டைத் தோள்பையில் வைக்காதே, உடம்போடு வைத்துக்கொள். ரயில் நிலையங்களில் கூட்டம் நெருக்கினால் ஒதுங்கி நில். இரவில் எங்கே தங்குகிறாய் என்பதை அம்மாவுக்கு அன்றன்றே சொல்லிவிடு. அவள் கேட்கமாட்டாள், ஆனால் தூங்கவும் மாட்டாள்.

ரொம்பத்தான் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே ராசா. ஏழு நாடும் பார்க்கத்தான் ஆசை என்றால் ஏழுக்கும் போய்விட்டு வா. எனக்கு ஒரு குறையும் இல்லை. பணம் குறைந்தால் கூச்சப்படாமல் என்னிடம் கேள், வெளியே கை நீட்டாதே. உனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அத்தை பருப்புப்பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா
கங்கைகொண்டான்